நாலாம் பீப்பாயில் இரண்டு தீ

ஜனவரி 11

அன்புள்ள அண்ணா,

நான் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் பார்த்தேன். கை ஒத்துழைக்கவில்லை. முக்கால் நலம் என்று வைத்துக்கொள். காய்ச்சல் வந்தது, படுக்கவைத்தது, போகும்போது என் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது. வாசனைதான் வரவில்லை. சோப்பு, காபி, செருப்பு அலமாரி, ஒன்றும் இல்லை. நேற்று கெட்டுப்போன பாலை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, வயிறு சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"சிலருக்கு ரெண்டு மாசத்துல வந்துடும், சிலருக்கு ஆறு மாசமாகும்" என்றார் டாக்டர். "வராமலே போறதும் உண்டா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்கு மூக்கு போனால் அது ஒரு தொந்தரவு. எனக்கு அதுதான் பிழைப்பு. உனக்குத் தெரியும், எங்கள் கம்பெனி விஸ்கி காய்ச்சுவதில்லை. காய்ச்சியவர்களிடமிருந்து பீப்பாய் பீப்பாயாக வாங்கி, நல்லதைப் பொறுக்கி பாட்டிலில் அடைத்து விற்கிறது. பில் போடும் மேஜையில் ஏழு வருஷம் உட்கார்ந்த என்னை, மோப்பத்துக்காகவே முதலாளியம்மா ருசி பார்க்கும் அறைக்கு அழைத்துக்கொண்டார். இந்த வருஷம் முதல் தடவையாக ஒரு தேர்வு என் பேரில் நடக்கிறது. ஆறு பீப்பாய் சிங்கிள் மால்ட் விஸ்கி. ஏப்ரல் பத்தாம் தேதி எல்லார் முன்னாலும் அதில் ஒன்றை நான் கைகாட்ட வேண்டும். சொதப்பினால் மறுபடி பில் மேஜைதான். அந்த நாற்காலியின் ஆடுகிற கால் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் யாரிடமும் சொல்லாமல் உன்னிடம் வருகிறேன். நீயும் யாரிடமும் சொல்லாதே. ஆறிலிருந்தும் சின்ன சீசாவில் ஊற்றி, நம்பர் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். தேர்வு முடியும்வரை நீதான் என் மூக்கு. ஒன்று மட்டும் தெரிந்துகொள்: இது பீட் போட்ட சரக்கு. சதுப்பு நிலத்தில் காலங்காலமாக மட்கிய மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள்; அந்தப் புகையில் பார்லியை வாட்டித்தான் காய்ச்சுவார்கள். அப்புறம் ஷெர்ரி என்கிற திராட்சை ஒயின் இருந்த பழைய பீப்பாயில் வருஷக்கணக்காகப் போட்டுவைப்பார்கள். ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் பழம். இரண்டும் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துகிறதா என்பதுதான் கேள்வி.

சின்னவளுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? ஆமை சாப்பிடுகிறதா? உன் சைக்கிளைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

---

ஜனவரி 27

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கண்டு வருந்தினேன், பார்சல் கண்டு மகிழ்ந்தேன். இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிய உன் சாமர்த்தியமே சாமர்த்தியம். கவலைப்படாதே. மூக்கு எங்கே போய்விடும்? வரும்.

சனிக்கிழமை கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் அடைத்தேன். கண் பரிசோதிக்க வந்தவர்களை எல்லாம் "திங்கட்கிழமை வாங்க, கண்ணு அதுக்குள்ள எங்கயும் போயிடாது" என்று அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வந்து ஆறையும் வரிசையாக வைத்து வேலையைத் தொடங்கினேன். கீழே என் முடிவுகள்.

ஒன்று: நன்றாக இருக்கிறது. இரண்டு: மிகவும் நன்றாக இருக்கிறது. மூன்று: காரம். நான்கு: பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. ஐந்து: கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு: இதற்குள் எனக்கு எல்லாமே நன்றாக இருந்தது. ஆமைகூட அழகாக இருந்தது.

சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது. சைக்கிள் நலம். நீ கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன், உன் அண்ணியும் நலம். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஆமையைக்கூடக் கேட்கிறாய், அவளைக் கேட்பதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நீ, "அண்ணி வந்தாலே வீடு கருகுது" என்றாய். அவள், "குடிக்கிறதுக்கெல்லாம் ஒரு சம்பளம்" என்றாள். நடுவில் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இன்னும் அதே ஜக்கோடு நிற்கிறேன், கை வலிக்கிறது. அவள்தான் என்ன செய்வாள்? தீ விபத்து இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் எரிந்த கடைக்குள்ளும் எரிந்த கிடங்குக்குள்ளும்தான் நுழைந்து வர வேண்டும். வரும்போது மல்லிகைப்பூ மணமா வரும்?

சரி, நான் எதுவும் சொல்லவில்லை.

உன் அண்ணா, தற்காலிக மூக்கு

---

பிப்ரவரி 4

அன்புள்ள தற்காலிக மூக்கே,

உன் உடம்பு நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆறு சீசாவையும் ஒரே உட்காரலில் முடித்தவனா நீ? உன்னை நான் குடிக்கவா சொன்னேன், பார்க்கச் சொன்னேன். மறுபடி அனுப்புகிறேன். இதுதான் கடைசி, இதற்குமேல் பீப்பாயில் கைவைத்தால் கிடங்குக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்படிச் செய். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வாய் குறுகிய கிளாஸ் எடு. ஒரு விரல் அளவு ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார், அதுவாக மூச்சு விடட்டும். மூக்கை உள்ளே நுழைக்காதே, நெருப்புப் பட்டதுபோல் இருக்கும். வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, விளிம்புக்கு மேலே லேசாக முகர். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர். ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, துப்பு. துப்பு! அது போன பிறகு தொண்டையில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்.

நன்றாக இருக்கிறது, இல்லை என்று எழுதவே எழுதாதே. உனக்கு எந்த இடம், எந்தப் பொருள் ஞாபகம் வருகிறதோ அதை எழுது.

நான் தினமும் மேஜையில் உட்கார்ந்து கிளாஸைச் சுற்றுகிறேன், முகர்கிறேன், புருவத்தைச் சுருக்குகிறேன். பக்கத்தில் முதலாளியம்மா. "என்ன சொல்லுது?" என்று கேட்கிறார். "யோசிக்குதும்மா" என்கிறேன். அவர் சிரிக்கிறார். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வருகிறது. விஸ்கி வாயில் வெறும் சூடு, அண்ணா. வெந்நீரில் மிளகாய் போட்ட மாதிரி. இத்தனை வருஷம் எனக்குக் கதை சொன்ன சாமான், இப்போது வாயே திறப்பதில்லை.

சின்னவளுக்கு முத்தம். ஆமைக்கு மரியாதை.

வாலு

---

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ சொன்ன முறைப்படியே பார்த்தாயிற்று. மூன்று மாலை ஆயிற்று. முடிவுகள் இத்துடன்.

ஒன்று. எரிந்தது கொஞ்சம், காட்டிக்கொள்வது அதிகம். மேலே நல்ல புகை. ஆனால் அறைக்குள் போனால் சாமானே இல்லை. வெறும் சாம்பல், ஒரு பிடி சர்க்கரை.

இரண்டு. மழை பெய்து தானாக அணைந்த தீ. எரிந்தது மரம் அல்ல, மண். பக்கத்து அறையில் உலர்ந்த திராட்சை மூட்டைகள் இருந்திருக்கின்றன. தீ அவற்றைத் தொடவில்லை, சூடு மட்டும் தொட்டிருக்கிறது. அதனால் திராட்சை உப்பிப் பளபளத்து நிற்கிறது. பழைய அலமாரிக்குப் புது வார்னிஷ். மருந்துப் பெட்டி திறந்து கிடக்கிறது, அயோடினும் பஞ்சும். தண்ணீர் விட்ட பிறகு: யாரோ ஆரஞ்சுத் தோலைச் சட்டைப்பையில் வைத்து மறந்திருக்கிறார்கள். எல்லாம் போன பிறகு தொண்டையில் கதகதப்பு. தீ அணைந்த மறுநாள் சுவரில் கைவைத்தால் இருக்குமே, அந்தச் சூடு.

மூன்று. தார் பூசிய கயிறு, கடல் தண்ணீர், தோல் பை. பழம் வாசலிலேயே நிற்கிறது, உள்ளே கூப்பிட ஆளில்லை.

நான்கு. முதல் பார்வைக்கு ஆறிலும் மிகப் பணக்கார வீடு இதுதான். பேரீச்சை, அத்திப்பழம், வால்நட், கறுப்பு சாக்லேட். ஆனால் இங்கே இரண்டு தீ. ஒன்று பழைய மண் புகை, நேர்மையானது. மற்றது தனியாக மூட்டியது. தீக்குச்சியின் தலை உரசிய வாடை, சூடான ரப்பர் குழாய். இனிப்பு அதை மூடி மறைக்கப் பார்க்கிறது.

ஐந்து. ஈரத்தோடு மூடிவைத்த அறை. ஜன்னல் திறக்க வேண்டும்.

ஆறு. இரண்டின் தம்பி. இன்னும் சில வருஷம் போனால் பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாலைக் காய்ச்சிப் பார்த்துக் குடி.

அண்ணா

---

மார்ச் 1

என் தங்கமான அண்ணா,

நீ நலமா? நிஜமாகவே நீதானா?

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், நடந்தபடி படித்தேன், அப்புறம் இரண்டாம் நம்பரை ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போய்விட்டேன்! திராட்சை மூட்டையைப் பார்த்தேன், ஆரஞ்சுத் தோலைத் தொட்டேன். கிளாஸோடு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். நானும் பதிலுக்குத் தரையைத் தட்டினேன்.

எட்டு வருஷமாக இந்த மேஜையில் இருப்பவர்களே பூ, தேன், மசாலா என்று கைக்குக் கிடைத்ததை எழுதுவார்கள். நீ எழுதியிருப்பது வேறு ரகம். கண்ணாடி விற்கிற மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருந்தானா?

ஆனால் நாலாம் நம்பர் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அது முதலாளியம்மாவின் செல்லப்பிள்ளை. "இதுதான், வேற எதுவும் கிட்ட வர முடியாது" என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். நீயோ இரண்டு தீ என்கிறாய். உனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, நான் சொன்னதும் இல்லை: ஷெர்ரி பீப்பாயைக் காலியாக அனுப்பும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்கள். அளவு மிஞ்சினால் அது மரத்திலேயே தங்கி, விஸ்கியைக் கெடுக்கும். நிஜமாகவே அந்தப் பீப்பாய்க்குள் இரண்டாவதாக ஒரு தீ வைத்திருக்கிறார்கள்! கந்தகம் சில மூக்குகளுக்குத் தெரியவே தெரியாது. உன் கடைக்குச் சில நிறம் தெரியாத ஆட்கள் வருவதில்லையா, அது மாதிரி. முதலாளியம்மா மூக்கு அப்படிப்பட்டதாக இருந்தால்?

எல்லார் முன்னாலும் அவர் செல்லப்பிள்ளையைக் குறை சொல்ல வேண்டும். சொல்கிற எனக்கு மூக்கில்லை. உன்னை நம்பித்தான் வாய் திறப்பேன். உறுதிதானா? உடனே எழுது.

சின்னவளுக்கும் ஆமைக்கும் சைக்கிளுக்கும் அன்பு.

வாலு

---

மார்ச் 12

அண்ணா,

நலம்தானே? பதில் இல்லையே. உறுதிதானா என்று ஒரே வார்த்தை எழுதினால் போதும்.

வாலு

---

மார்ச் 21

அண்ணா,

உனக்கு உடம்புக்கு ஏதுமில்லையே? கடைக்குப் போன் பண்ணினால், "ஐயா லென்ஸ் தேய்ச்சிட்டிருக்கார்" என்கிறார்கள். மூன்று தடவையும் அதே லென்ஸா? எதற்காக ஒளிகிறாய்?

வாலு

---

மார்ச் 24

அன்புள்ள வாலு,

நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். லென்ஸும் தேய்க்கவில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூக்கு என்னுடையது அல்ல.

நீ இரண்டாவதாக அனுப்பியதைச் சாப்பாட்டு மேஜையில் ஊற்றிவைத்துக்கொண்டு, நீ சொன்னபடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். தும்மல்தான் வந்தது. அப்போது உன் அண்ணி வேலையிலிருந்து வந்தாள். எரிந்துபோன மரச்சாமான் கடை ஒன்றைப் பார்த்துவிட்டு, மூக்கு நுனியில் கரியோடு. வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, மேஜைப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "யாருங்க வீட்டுக்குள்ள மண்ணை எரிச்சது?"

நான் வாயை மூடினேன். அப்புறம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் மூக்கு போன கதையையும்தான். யாரிடமும் சொல்லாதே என்றாய், தெரியும். ஜக்கு கனத்துவிட்டது, என்ன செய்ய?

அவள் கையைக் கழுவினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் மாலை. சின்னவளைச் சத்தம் போடக்கூடாது என்றாள், என்னை மூச்சுவிடக்கூடாது என்றாள். ஆபீஸில் எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதிக் கொடுத்தாள். நான் என் கையெழுத்தில் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். "உங்க பேர்லயே அனுப்புங்க. என் பேரைப் பார்த்தா அவ பிரிக்காமலே தூக்கிப் போட்டுடுவா" என்றாள்.

'தங்கமான அண்ணா' என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளிடம் காட்டினேன். "சந்தோஷமா இருக்கால்ல, விடுங்க" என்றாள். ஆனால் நீ கூடத்தில் ஆடிய இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

உறுதியா என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளைத்தான் கேட்க வேண்டும். நீயே கேள்.

அண்ணா

---

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நலமா?

இந்தக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். இது ஆறாவது. முதல் ஐந்திலும் நான் நிறையப் பேசியிருந்தேன், உருப்படியாக ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாம் தேதி தேர்வு. நாலாம் நம்பரில் கந்தகம் இருக்கிறது என்று நான் சொல்லி, அது இல்லை என்றானால், எனக்கு மூக்கில்லை என்பதும் அதே நிமிஷம் அம்பலமாகிவிடும். கந்தகம் இருந்தும் நான் சொல்லாமல் விட்டு, அது பாட்டிலில் போனால், என் பேரில் போகும்.

உங்களுக்கு உறுதிதானா?

உங்கள் நாத்தனார்

---

ஏப்ரல் 5

நாத்தனாருக்கு,

நலம். சின்னவளுக்குச் சளி, குறைந்துவிட்டது. உன் அண்ணா நலம்; உனக்குக் கடிதம் போட்டுப் பாரம் இறங்கியதும் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார்.

கேள்விக்குப் பதில். உறுதி.

நான் எப்படிப் பார்த்தேன் என்று தெரிந்தால்தான் நீ நம்பலாம். நம்பரை மறைத்து, வரிசையை மாற்றி வைக்கச் சொன்னேன். மூன்று நாளும் அதே கிளாஸைத்தான் ஒதுக்கினேன். இரண்டாம் நாள் உன் அண்ணா சாமர்த்தியமாக அதையே இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தார். இரண்டையும் ஒதுக்கினேன். எரிந்த இடத்தில் தீ தானாக வந்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வது என் வேலை. தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பத்துக்கு வர வேண்டியது வராமல் போகும். அதனால் சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுவேன். நாலாம் நம்பருக்கு அப்படி எழுதவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். குடிக்கிறதுக்கு ஒரு சம்பளமா என்று நான் சொன்னது தப்பு. மூன்று மாலை அந்த வேலையைச் செய்து பார்த்தேன். தலை வலித்தது. சம்பளம் போதாது.

தைரியமாகப் போ. ஜன்னல் பக்கமாக உட்கார், நல்ல காற்று வரும்.

அண்ணி

---

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

எல்லாரும் நலமா? நான் நலம். முழு நலம். மூக்கு வரவில்லை, இருந்தும் முழு நலம். உட்கார்ந்து படியுங்கள்.

பத்தாம் தேதி, நீள மேஜை. முதலாளியம்மா, விற்பனைப் பிரிவிலிருந்து இரண்டு பேர், பீப்பாய் பழுது பார்க்கும் தச்சர், நான். நான் ஜன்னல் பக்கம். ஆறு கிளாஸும் சுற்றி வந்து முடிந்ததும் முதலாளியம்மா நாலாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "சொல்லு, உன் தேர்வு எது?" என்றார். பதிலையும் அவரே கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்!

"ரெண்டும்மா" என்றேன்.

"நாலு?"

"நாலுல ரெண்டு தீ இருக்கும்மா."

கந்தகம் என்றேன். அவர் முகர்ந்தார், தலையை ஆட்டினார். மறுபடி முகர்ந்தார். "எனக்குத் தெரியலையே" என்றார். விற்பனைக்காரர்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்து, "எங்களுக்கும் தெரியல" என்று பாடினார்கள். என் கால் மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது, பில் மேஜை நாற்காலி மாதிரி.

அப்போது தச்சர் எழுந்தார். பையிலிருந்து செம்புக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, நாலாம் நம்பர் ஊற்றிய ஒரு கிளாஸில் போட்டுச் சுற்றினார். இது எங்கள் தொழிலில் பழைய வித்தை. செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பி போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்து, "இப்பப் பாருங்க" என்றார். விற்பனைக்காரர்களில் ஒருவர் முகர்ந்தார், கண்ணை விரித்தார். "ஐயோ, அதுல தீக்குச்சி அடிக்குது, இதுல இல்ல!" மற்றவரும் முகர்ந்தார். ரப்பர் என்றார். முதலாளியம்மாவுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நான் முப்பது வருஷமா பிடிக்காததை நீ எப்படிப் பிடிச்ச?"

என் மூக்குதான் என்று சொல்லியிருக்கலாம். நிமிஷத்தில் நான் பெரிய ஆள். ஆனால் அண்ணி மூன்று மாலை தலைவலியோடு உட்கார்ந்தது என் பேரில் போவதை என்னால் தாங்க முடியவில்லை. "நான் பிடிக்கலம்மா. எனக்கு மூக்கே இல்ல. பிடிச்சது எங்க அண்ணி" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர், "மூணு மாசமா மூக்கில்லாம என் பக்கத்துல உக்காந்திருக்க. நான் கண்டுபிடிக்கல. அப்ப யாருக்குடி மூக்கில்ல?" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், கண்ணீர் வருகிற அளவுக்கு. தச்சர் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அண்ணி எழுதியதை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் இரண்டாவதை எடுத்து மறுபடி முகர்ந்து, "ஆரஞ்சுத் தோல்... ஆமாம், சட்டைப்பையிலதான்" என்றார். இரண்டாம் பீப்பாய் என் தேர்வாகவே பாட்டிலில் போகிறது. பின்னால் ஒட்டும் லேபிளில் அண்ணியின் வரிகள், ஒரு எழுத்து மாற்றாமல். என் நாற்காலி என்னுடையதுதான். மூக்கு வரும்வரை கிடங்கு வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அண்ணி, லேபிளில் உங்கள் பேரைப் போடலாமா என்று கேட்கச் சொன்னார்.

சின்னவளுக்கு முத்தம். ஆமை இந்தத் தடவை கடைசியில்.

அன்புடன்
உங்கள் வாலு

---

மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைச் சின்னவள் சத்தமாகப் படித்தாள். 'யாருக்குடி மூக்கில்ல' என்பதை இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் சொல்கிறாள். உன் அண்ணா தண்ணீர் ஜக்கை மேஜைமேல் வைத்துவிட்டார். உண்மையிலேயே வைத்தார், வைத்துவிட்டுக் கையை உதறிக்காட்டினார்.

பேர் வேண்டாம். 'ஒரு தீ சர்வேயர்' என்று போடச் சொல். 'குடித்தவர்' என்று எங்கேயும் வரக்கூடாது. நான் முகர்ந்தேன், வாயில் வைத்தேன், துப்பினேன்.

பதில் தாமதத்துக்குக் காரணம் வேலை. இதைக்கூட வண்டிக்குள் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எதிரே காகிதக் கடை, முழுக்கப் போய்விட்டது. உள்ளே போக இன்னும் ஒரு தடவை இருக்கிறது.

இன்னொன்று. இரண்டாம் நம்பரில் கடைசியாக மிச்சமிருந்ததைத் துப்பவில்லை. அறிக்கையில் அது இல்லை. உன் அண்ணாவுக்கும் தெரியாது.

மூக்கு எப்படி இருக்கிறது?

அண்ணி

---

மே 14

என் அன்பான அண்ணிக்கு,

நீங்கள் நலமா? கரி படிந்த மூக்கு நுனி நலமா? முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதம் இன்று காலை வேலை செய்யும் இடத்துக்கே வந்தது. மேஜையில் வைத்துப் பிரித்தேன். நீங்கள் துப்பாத கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ எதுவோ எரிகிறது. எழுந்து ஹீட்டரை அணைத்தேன். விளக்கை அணைத்தேன். கிடங்குக்கு ஓடி, "எங்கயோ எரியுது, பாருங்க!" என்று கத்தினேன். பீப்பாய்கள் நிறைந்த கிடங்கில் அப்படிக் கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தச்சர் கையில் வாளியோடு வந்தார். முதலாளியம்மா செருப்பில்லாமல் வந்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை. "எங்கடி எரியுது?" என்றார் அவர். எனக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபடி அதே வாடை.

கடிதம்தான், அண்ணி.

காகிதத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புகை. ஈரக் காகிதம் எரிந்த புகை, வண்டி சீட்டின் வாடை, கொஞ்சம் சோப்பு. மூக்கு போன பிறகு எனக்கு முதலில் வந்த வாசனை நீங்கள். ஒரு காலத்தில் இதே வாடைக்குத்தான் நான் உங்கள் மேஜையில் முகம் சுளித்தேன். இப்போது அந்தக் கடிதத்தைக் கையிலிருந்து வாங்க முதலாளியம்மா எவ்வளவோ பார்த்தார், நான் விடவில்லை. "ஒரு தடவை மோந்து பாக்கறேண்டி, பிடுங்கிட்டா போறேன்?" என்றார். காட்டினேன். "நல்ல புகை" என்றார்.

அப்புறம் இரண்டாம் பீப்பாயில் ஒரு விரல் அளவு எடுத்துத் தந்தார். புகை வந்தது. கொஞ்சம் வார்னிஷ் வந்தது. திராட்சை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, ஆரஞ்சுத் தோல் எந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. வரட்டும், அவசரமில்லை. நீங்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக்கொள்கிறேன்.

முதல் பெட்டி பாட்டில் அடுத்த மாசம் தயாராகிறது. அண்ணா, சின்னவள், ஆமை, சைக்கிள், யார் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் வர வேண்டும். வேலையிலிருந்து நேராக, உடை மாற்றாமல் வாருங்கள்.

அண்ணி வந்தால் வீடு கருகும். கருகட்டும், வாருங்கள்.

உங்கள் வாலு